ஆறு பன்னீர்செல்வங்களும் ஒரு பிரமாணப் பத்திரமும்: வேட்பாளர்களை ஒப்பிடும் தளங்கள் பற்றி

2024 மார்ச் 30ஆம் தேதி மாலை, வேட்புமனுக்களைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்து இறுதிப் பட்டியல் வெளியானபோது, இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்கு மற்ற ஊர்க்காரர்கள் கேட்டுச் சிரிக்கும்படியான ஒரு குழப்பம் வந்து சேர்ந்தது. முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நிற்க, அதே பெயருடைய வேறு ஐந்து பேரும் களத்தில் நின்றார்கள். பரமக்குடியில் மிளகாய் கமிஷன் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, பட்டியலை நாளிதழில் இரண்டு முறை படித்துவிட்டு, "இதில் யார் யார் என்று அந்த செல்லில் பார்த்துச் சொல்லப்பா" என்றார். ஏப்ரல் 19ஆம் தேதி வாக்குப்பதிவுக்கு முன் மிச்சமிருந்த இருபது நாட்களில், வேட்பாளர்களை அறியவும் ஒப்பிடவும் இலவசமாகக் கிடைக்கும் மூன்று சேவைகளை அவருக்காகவும் எனக்காகவும் பயன்படுத்திப் பார்த்தேன். எந்த வேட்பாளர் நல்லவர் என்பதைப் பற்றிய பேச்சு இங்கே இல்லை. அதைக் கண்டறிய இந்தச் சேவைகள் எவ்வளவு தூரம் உதவும் என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

சேவைகளுக்குள் போவதற்கு முன், அவற்றில் இரண்டுக்கு மூலப்பொருளாக இருக்கும் 26ஆம் எண் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேட்புமனுவுடன் ஒவ்வொருவரும் இணைக்க வேண்டிய இந்தப் பிரமாணப் பத்திரம் வேட்பாளர்கள் மனமுவந்து தந்த கொடை அன்று. ஏ.டி.ஆர். என்று அறியப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதை நீர்த்துப்போகச் செய்யும் வகையில் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தையும் 2003இல் அதே நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதன் பிறகே நிலுவையில் உள்ள வழக்குகள், தண்டனைகள், வேட்பாளர், துணைவர், அவர்களைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்துகள், கடன்கள், கல்வித் தகுதி, பிற்பாடு சேர்க்கப்பட்ட ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு, வருமானத்துக்கான வழி ஆகிய எல்லாமும் ஒரே பத்திரத்தில் வந்தன. எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது, "இல்லை" என்றாவது எழுத வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

முதலாவது சேவை இந்தியத் தேர்தல் ஆணையத்தினுடையது. பிரமாணப் பத்திரங்களுக்கென்றே ஒரு தளமும், 'உங்கள் வேட்பாளரை அறியுங்கள்' என்ற பொருள்படும் கைப்பேசிச் செயலியும் அதனிடம் உள்ளன. வேட்பாளர்களின் குற்றப் பின்னணியைக் காட்டும் செயலி ஒன்றை உருவாக்குமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு உத்தரவிட்டிருந்தது. தேர்தல், மாநிலம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர்கள் படத்துடன் வரிசையாக வருகிறார்கள். மனு ஏற்கப்பட்டதா, தள்ளுபடியானதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதும் தெரிகிறது. ஆறு பன்னீர்செல்வங்களைப் பிரித்தறியும் வேலை இங்கேதான் முடிந்தது. படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒளிப்படம், தந்தை பெயர், வயது, முகவரி எல்லாம் இருப்பதால், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆட்கள் வேறு என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. இதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் ஒப்பிடுவது என்ற வேலைக்கு ஆணையத்தின் தளம் ஒத்துழைப்பதில்லை. பத்திரங்கள் அனைத்தும் காகிதத்தை அப்படியே படமெடுத்த கோப்புகள். சிலர் தட்டச்சு செய்திருக்கிறார்கள், சிலர் கையால் எழுதியிருக்கிறார்கள், அடித்துத் திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் நோட்டரியின் முத்திரை எண்களின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு சொல்லைத் தேட முடியாது, இரண்டு வேட்பாளர்களை அருகருகே நிறுத்த முடியாது. செயலி ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணி உண்டு, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறது. ஊர்வலத்தில் சாலையை மறித்தவருக்கும் கொலை முயற்சி வழக்கில் சிக்கியவருக்கும் அந்த 'உண்டு' பொதுவானது. மூலப்பத்திரம் இருக்கும் இடம் என்ற வகையில் ஆணையத்தின் தளத்துக்கு ஈடு கிடையாது, ஆனால் அங்கே போகிறவர் தாளும் பேனாவுமாகப் போக வேண்டும்.

அந்தத் தாளும் பேனாவும் செய்யும் வேலையை நமக்காக ஏற்கனவே செய்து வைத்திருப்பது, ஏ.டி.ஆர். நடத்தும் மைநேத்தா தளம். 1999இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய இந்த அமைப்பு, ஒவ்வொரு பிரமாணப் பத்திரத்தையும் படித்து, எண்களாக மாற்றி, அட்டவணையில் ஏற்றுகிறது. தொகுதியின் பெயரைத் தொட்டால் எல்லா வேட்பாளர்களும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்: கட்சி, வழக்குகளின் எண்ணிக்கை, கல்வி, வயது, மொத்தச் சொத்து, கடன். ஒருவரின் பெயரைத் தொட்டால் ரொக்கம், வங்கி இருப்பு, வாகனம், நகை, வயல், வீடு என்று தனித்தனி வரிசைகள், வேட்பாளர், துணைவர், சார்ந்தோர் என்று தனித்தனிக் கட்டங்கள். 2024இல் வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள்மீது குற்ற வழக்குகள் இருப்பதாகத் தாங்களே அறிவித்திருந்தனர் என்ற, தேர்தலுக்குப் பின் எல்லா நாளிதழ்களிலும் வந்த கணக்கும் இவர்கள் போட்டதே.

வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒருவரை ஒதுக்குவோருக்கு 2014ஆம் ஆண்டின் கன்னியாகுமரித் தொகுதிப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்படி சொல்வேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடிய சுப. உதயகுமார் அங்கே ஆம் ஆத்மி வேட்பாளராக நின்றபோது அவர் அறிவித்த வழக்குகள் முந்நூறுக்கும் மேல். அந்த ஆண்டு நாட்டிலேயே மிக நீண்ட வழக்குப் பட்டியல்களுள் ஒன்று அது, பெரும்பாலானவை போராட்டத்தை ஒட்டிப் பதிவானவை. பட்டியலை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் உண்மையான அடாவடிக்காரர்கள் அவருக்குக் கீழே எங்கோ மறைந்துபோவார்கள். மைநேத்தா சட்டப் பிரிவுகளையும் அவற்றின் பொருளையும் ஒவ்வொருவருக்கும் தனியே தருகிறது. நிலுவையில் உள்ள வழக்கு வேறு, தண்டனை பெற்ற வழக்கு வேறு என்று பிரித்தும் காட்டுகிறது. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் இந்தப் பகுதிவரை கீழே இறங்கிப் படிப்பவருக்கே இத்தளத்தின் பயன் கிடைக்கும்.

சொத்துக் கணக்கிலும் இதே போன்ற ஒரு பள்ளம் உண்டு. இருவர் சொத்தை அருகருகே வைத்து, இவர் பணக்காரர், அவர் ஏழை என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் வயலுக்கும் வீட்டுக்கும் 'இன்றைய சந்தை மதிப்பு' என்று எழுதப்படுவது வேட்பாளரின் சொந்த மதிப்பீடு. ஒருவர் பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை எழுதுவார், இன்னொருவர் ஊரில் பேசப்படும் விலையை எழுதுவார், இருவரின் ஏக்கரும் ஒரே வரப்பில் இருக்கலாம். என் அனுபவத்தில் நம்பத்தகுந்த ஒப்பீடு, ஒரு வேட்பாளரை அவருடைய முந்தைய தேர்தல் பத்திரத்தோடு ஒப்பிடுவதுதான். மீண்டும் போட்டியிடுபவர்களுக்கு அந்தப் பழைய கணக்கையும் மைநேத்தா இணைத்துத் தருகிறது, ஆணையத்தின் தளத்திலோ ஒவ்வொரு தேர்தலையும் தனித்தனியே தேடித் திறக்க வேண்டும். தன்னைத் தானே மதிப்பிட்டவர் ஐந்தாண்டு கழித்து எந்த இடத்தில் எதைக் கூட்டினார், எதை விட்டார் என்று பார்க்கும்போது மதிப்பீட்டு முறையின் வேறுபாடு பெருமளவு கழிந்துவிடுகிறது.

அதற்கும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சித்தப்பா ஒருவர் பக்கத்தைப் பார்த்து, "ஐந்து வருஷத்தில் நகை மட்டும் இரண்டு பங்கு ஆகியிருக்கிறதே" என்று வாயைப் பிளந்தார். சவரன் கணக்கைப் பார்த்தால் பழைய பத்திரத்திலும் அதே எடைதான். 2019 ஏப்ரலுக்கும் 2024 ஏப்ரலுக்கும் இடையில் தங்கத்தின் விலை இருமடங்குக்கு மேல் ஏறியிருந்தது, நகை பெட்டியிலேயே இருந்தது. ரூபாய்க்குப் பதில் சவரனையும் ஏக்கரையும் சர்வே எண்ணையும் ஒப்பிட்டால் இப்படித் தடுமாற வேண்டாம். அந்த விவரங்களைச் சரிபார்க்க மறுபடியும் ஆணையத்தின் தளத்துக்குப் போய் மூலப்பத்திரத்தைத் திறக்கத்தான் வேண்டும். தங்கள் அட்டவணைக்கும் பத்திரத்துக்கும் முரண் இருந்தால் பத்திரமே இறுதி என்று மைநேத்தாவும் சொல்லி வைத்திருக்கிறது.

இதில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு எந்தத் தளமும் பொறுப்பேற்பதில்லை. 2019இல் பெரம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளர் தன் கையிருப்பு ரொக்கம் 1.76 லட்சம் கோடி ரூபாய் என்றும், உலக வங்கியில் நான்கு லட்சம் கோடி ரூபாய் கடன் இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார், மனுவும் ஏற்கப்பட்டது. அலைக்கற்றை ஊழலில் சொல்லப்பட்ட தொகையைக் கிண்டலாக எழுதி, யாரும் சரிபார்ப்பதில்லை என்பதை அவர் மெய்ப்பித்துக் காட்டினார். தேர்தல் நடத்தும் அலுவலர் பத்திரம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். பொய்யான தகவல் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், ஆனால் யாராவது வழக்குத் தொடுத்து நிரூபித்தால்தான் அது நடக்கும். எதிர்ப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய எவருக்கும் வழி உண்டு என்பதும் அதுவும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

மூன்றாவது சேவை வேறு வகை. 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனத்தின் தளத்தில், பதவியில் உள்ள ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரின் வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் ஆகியவை மாநிலச் சராசரி, தேசியச் சராசரி ஆகியவற்றுக்கு அருகில் வைத்துக் காட்டப்படுகின்றன. இராமநாதபுரத்தில் அப்போதைய உறுப்பினர் நவாஸ்கனி மீண்டும் போட்டியிட்டதால் அவருடைய பக்கத்தைப் படித்து எடைபோட முடிந்தது, மக்களவையில் அமர்ந்திராத எதிர்ப் போட்டியாளர்களுக்கு அங்கே பக்கமே இல்லை. ஆகவே இதை ஒப்பீட்டுக் கருவி என்பதைவிட, பதவியில் இருப்பவரின் மதிப்பெண் அட்டை என்று கொள்வதே பொருந்தும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அது தெரியாமல் பார்ப்பவர்கள் ஓர் அமைச்சரின் வெற்றுக் கட்டத்தைக் கண்டு அவர் அவைக்கே போகவில்லை என்று முடிவு செய்யக்கூடும். கேள்விகளின் எண்ணிக்கையை விட அவற்றின் தலைப்புகளை வாசிப்பது பயனுள்ளது: மீனவர், பாம்பன் பாலம், மிளகாய்க்கு விலை என்று நம் ஊர் அதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

ஒரு குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. தமிழ்நாட்டில் பல வேட்பாளர்கள் பிரமாணப் பத்திரத்தைத் தமிழிலேயே எழுதுகிறார்கள், அதை மைநேத்தா ஆங்கிலத்தில் பெயர்த்து அட்டவணையாக்குகிறது, பரமக்குடிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தமிழில் எழுதப்பட்ட ஒன்றை ஆங்கிலத்தில் படிக்க ஓர் அண்ணன் மகனைத் தேட வேண்டியிருக்கிறது. 'நன்செய்', 'புன்செய்' இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடங்கிவிடுவது இன்னொரு இழப்பு. தொகுதிப் பட்டியலைத் தமிழில் தருவதற்கு மேதைமை எதுவும் தேவைப்படாது.

இன்னொன்று, குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சிகள் தங்கள் இணையதளத்தில் காரணம் வெளியிட வேண்டும் என்றும், 'வெற்றி வாய்ப்பு' மட்டுமே காரணமாகாது என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் காரணங்கள் வெவ்வேறு கட்சிகளின் தளங்களில் ஏதோ ஒரு மூலையில் சிதறிக் கிடக்கின்றன. வேட்பாளர் பக்கத்துக்குப் பக்கத்திலேயே அவை தமிழில் வந்தால், 'மக்கள் செல்வாக்கு உள்ளவர்' என்ற ஒரே வாசகம் எத்தனை பேருக்கு ஒட்டப்பட்டிருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் மைநேத்தாவில் தொகுதிப் பக்கத்தைப் பார்த்து நான்கைந்து பேராகச் சுருக்கிக்கொண்டு, பிறகு அந்த நான்கைந்து பேரின் மூலப்பத்திரத்தை ஆணையத்தின் தளத்தில் இறக்கி, கடன் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குவது. யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி உண்டா என்பவை சொத்துப் பட்டியலைவிட அதிகம் பேசுகின்றன; கமிஷன் கடைக்காரரான சித்தப்பா கைவைத்ததும் முதலில் அந்தப் பக்கத்தில்தான்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு அவர் வேறொன்றையும் கேட்டார். சுயேச்சைகளை அகரவரிசைப்படி அடுக்குவது விதி என்பதால் ஒரே பெயர்க்காரர்கள் இயந்திரத்தில் அடுத்தடுத்து வருவார்கள், நோட்டாவையும் சேர்த்தால் இரண்டு இயந்திரங்கள். பெயரை நம்பி விரலை நீட்ட முடியாது. மைநேத்தாவில் சின்னம் கிடையாது. ஆகவே மாதிரி வாக்குச்சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தனக்கு வேண்டிய ஒருவரின் வரிசை எண்ணைப் பூத் சிலிப்பின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டார். என்ன எண் என்று நான் எட்டிப் பார்த்தபோது சிலிப்பை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.