தாவரக் குடும்பங்களைக் கற்க எந்தத் தளம்? வரப்புச் செடிகளை வைத்து ஓர் ஒப்பீடு

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் காவிரி டெல்டாவில் பாடத்துக்குப் பஞ்சமில்லை. வரப்பில் கீழாநெல்லி, பொடுதலை, கரிசலாங்கண்ணி; வயலுக்குள் கோரை; கரையில் நொச்சி; மேட்டில் எருக்கு. இவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் படிக்க இணையத்தில் நல்ல தளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ‘இது என்ன செடி?’, ‘இதன் இன்றைய பெயர் என்ன?’, ‘ஏன் இந்தக் குடும்பத்தில் வைத்தார்கள்?’ என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை தேடுபவர்கள்தான் பாதியில் சலித்துப்போகிறார்கள்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் எடுப்பது படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை. பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டில், கையில் செடியோடு நிற்பவருக்கு பிளான்ட்நெட் எளிது. பூவா, இலையா, காயா, பட்டையா என்று குறித்துப் படம் கொடுத்தால், ஒவ்வொரு பெயருக்கும் எவ்வளவு பொருத்தம் என்று காட்டும். கூடவே குடும்பப் பெயரும் வரும். அமைப்பில் உலகத் தாவரங்களை விட்டுவிட்டு இந்தியத் துணைக்கண்டத்தைத் தேர்ந்தால், சம்பந்தமில்லாத அயல்நாட்டுப் பெயர்கள் குறையும். இலைப் படம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு முதலில் வந்த பெயரை எழுதிக்கொள்வதுதான் பலரும் செய்யும் பிழை. முழுச் செடி, தண்டோடு சேர்ந்த இலையடுக்கு, பூவின் முன்பக்கம், பூவின் பக்கவாட்டு என நான்கு படமாவது வேண்டும். கோரையும் புல்லும் அப்படியும் சறுக்கும். அங்கே செயலியைவிட விரல் நம்பகமானது. தண்டை உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டி, உள்ளே கெட்டியாக இருந்து, இலைகள் மூன்று வரிசையில் நின்றால் சைப்பரேசி, அதாவது கோரைக் குடும்பம். உருண்டு, கணுக்களுக்கு இடையே பெரும்பாலும் குழலாக இருந்து, இலைகள் இரண்டு வரிசையில் நின்றால் போயேசி, அதாவது புல். கோரைக் குடும்பத்திலும் உருண்டைத் தண்டு உண்டு என்பதால் இலையுறையையும் பார்க்க வேண்டும். கோரையில் அது மூடிய குழாய். புல்லில் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும்.

ஐநேச்சுரலிஸ்ட் பெயர் சொல்வதோடு நிற்பதில்லை. நீங்கள் இட்ட படத்தை மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு ஆய்வுத்தரம் பெறும். ஆனால் குடும்பம் கற்பவருக்கு அதன் உண்மையான பயன் தேடல் பெட்டியில் இருக்கிறது. இடத்துக்குத் தஞ்சாவூர், உயிரினத்துக்கு அகாந்தேசி என்று கொடுத்தால் அந்த மாவட்டத்தில் பதிவான அகாந்தேசிச் செடிகள் மட்டும் வரிசையாக வரும். முப்பது படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், நீர்முள்ளியிலும் கனகாம்பரத்திலும் பொதுவாக இருக்கும் எதிரிலையும் பூவடிச் செதிலும் தாமாகவே கண்ணில் பதியும். ஒரே சங்கடம், நட்டு வளர்த்த செடிகள் தரவரிசையில் கீழே போய்விடும். கோயில் நந்தவனத்து மரத்துக்கு அங்கே பதில் தாமதமாகும்.

இந்தியத் தளங்களில் ஃப்ளவர்ஸ் ஆஃப் இந்தியா தொடக்கநிலைக்கு ஏற்றது. குடும்ப வாரியாகவும் பார்க்கலாம். தமிழ்ப் பெயரும் பல பக்கங்களில் உண்டு. விவரணை சுருக்கம். தமிழ்ப் பெயரை மட்டும் நம்பி இறங்கினால் வழி தவறும் என்பதற்கு ஆகாயத்தாமரை போதும். இந்தப் பெயர் பிஸ்டியாவுக்கும் உண்டு, அது ஏரேசி. வாய்க்காலை அடைக்கும் வெங்காயத்தாமரையையும் பலர் அப்படியே அழைக்கிறார்கள், அது பான்டெடீரியேசி. ஈஃப்ளோரா ஆஃப் இந்தியாவில் ஒரே பேரினத்தின் இந்திய இனங்கள் படங்களோடு பக்கம் பக்கமாக நிற்கும். நிபுணர்கள் எந்த அடையாளத்தை வைத்துப் பிரித்தார்கள் என்ற உரையாடலும் இருக்கும். படம் அதிகமாதலால் பக்கம் மெதுவாகத் திறக்கும். கைப்பேசியில் பொறுமை வேண்டும். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டுக்கும் நடுவில்: இனப் பக்கமும் உண்டு, படம் போட்டுக் கேட்கவும் இடமுண்டு.

அடுத்தது பெயர்க் குழப்பம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் முதன்மை மரமான வெண்கண்டலை, அதாவது அவிசென்னியா மரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிளின் பழைய சென்னை மாகாணத் தாவரநூலில் அது வெர்பினேசி. பல பட்டியல்களில் தனிக் குடும்பமாக அவிசென்னியேசி. மரபணு ஒப்பீட்டை முதன்மையாகக் கொண்ட இன்றைய ஏபிஜி வகைப்பாட்டில் அகாந்தேசி. மூன்றுமே அந்தந்தக் காலத்துக்குச் சரி. நொச்சி வெர்பினேசியிலிருந்து லேமியேசிக்கும், எருக்கு அஸ்கிளபியடேசியிலிருந்து அபோசினேசிக்கும், வேதாரண்யம் பக்கம் பயிராகும் செங்காந்தள் லில்லியேசியிலிருந்து கோல்ச்சிகேசிக்கும் போனது இதே வகை மாற்றம். பிரிட்டிஷ் தாவரவியலாளர்களான பென்தம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட முறையில் 202 குடும்பங்கள். 2016இல் வந்த ஏபிஜி நான்காம் பதிப்பில் 416.

இன்றைய பெயரைச் சரிபார்க்க கியூ தாவரவியல் தோட்டத்தின் பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன் போதும். சீமைக்கருவேலத்தின் பழைய பெயரான புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவைத் தட்டினால், அது இப்போது நெல்டூமா ஜூலிஃப்ளோரா என்று சொல்லிவிடும். அந்தத் தளத்தின் பரவல் வரைபடத்தை மட்டும் மாவட்ட அளவுக்கு இழுக்காதீர்கள். இந்தியா முழுதும் அங்கே பெரும்பாலும் ஒரே கட்டம். எங்கோ மலையில் ஓரிடத்தில் வளரும் செடிக்கும் தஞ்சாவூர் சேர்ந்தே நிறம் பெறும். பச்சை என்றால் இயல்பாக வளர்வது, ஊதா என்றால் வெளியிலிருந்து வந்தது.

‘ஏன்?’ என்ற கேள்விக்கு மிசூரி தாவரவியல் தோட்டம் வழங்கும், பீட்டர் ஸ்டீவன்ஸின் ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி வெப்சைட்டுக்கு இணையில்லை. 2001 முதல் இருக்கிறது. ஆனால் எழுத்து நெருக்கம், சுருக்கக் குறிகள் ஏராளம். நேராகப் படித்தால் தலை சுற்றும். செடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியை எடுத்துச் சோதித்தால் பிடிபடும். கீழாநெல்லியில் செய்து பாருங்கள். பார்வைக்குப் புளிய இலை போலக் கூட்டிலைதான். அதனால் புதியவர்கள் பேபேசி, அதாவது புளியும் அவரையும் சேர்ந்த குடும்பம் என்பார்கள். கிளையைத் திருப்புங்கள். ஒவ்வொரு ‘சிற்றிலை’யின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். சிற்றிலைக் கக்கத்தில் பூ வராது. எனவே அது முழு இலை. கூட்டிலை என்று நினைத்தது ஒரு சிறுகிளை. அடுத்து, முற்றிய காயை வெள்ளைத்தாளில் வைத்து ஊசியால் பிளந்து விதையை எண்ணுங்கள். மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை. ஆமணக்கிலும் மூன்று அறைதான், ஆனால் அறைக்கு ஒன்று. கீழாநெல்லியை ஆமணக்கின் குடும்பமான யூஃபோர்பியேசியிலிருந்து பிரித்து ஃபில்லாந்தேசியில் வைத்ததற்குத் துணைநிற்கும் அடையாளங்களில் அந்த ‘அறைக்கு இரண்டு சூல்’ முக்கியமானது. ஐந்து நிமிட வேலை. இதற்குப்பின் அந்தத் தளத்தின் வரி மறக்காது.

வாட்சன், டால்விட்ஸ் இருவரின் டெல்டா (DELTA) என்ற தாவரக் குடும்பத் தரவுத் தொகுப்பு இன்னொரு வழி. குடும்ப விவரணைகளை உலாவியில் படிக்கலாம். தெரிந்த அடையாளத்திலிருந்து தொடங்கிக் குடும்பங்களைக் கழித்துக்கொண்டே வரும் இன்ட்கீ நிரலுக்கு விண்டோஸ் கணினி வேண்டும். குடும்ப எல்லைகள் சில பழையவை.

தேர்வுக்குப் படிப்பவர் கவனிக்க வேண்டியது தனி. பாடத்திட்டம் பென்தம், ஹூக்கர் முறையில் கேட்டால் புதிய பெயரை எழுதி மதிப்பெண் இழக்கக்கூடாது. குறிப்பேட்டில் செடிக்கு இரண்டு பத்தி போடுங்கள்: பழைய குடும்பம், இன்றைய குடும்பம். முதல் பத்திக்கு இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கும் கேம்பிள், இரண்டாவதுக்கு கியூ. சூல் ஒட்டு முறை, மஞ்சரி போன்ற சொற்களுக்குத் தமிழ்வழிப் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் பாடநூலின் மின்பதிப்பை அருகில் வைத்துக்கொண்டால் ஆங்கிலத் தளங்கள் பாதி எளிதாகிவிடும்.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராத செடியை, பூவும் காயும் உள்ள கிளையாக வெட்டி, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரத்தாளைத் தினம் மாற்றி உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரண்டு நாள் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். எடுத்த இடம், தேதி, பூவின் நிறம் மூன்றையும் அன்றே எழுதிவிடுங்கள். உலர்ந்தபின் நிறம் தெரியாது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற உலர்தாவரத் தொகுப்பில் ஒப்பிட்டுக் கேட்பதற்குத் தயாராக இருக்கும் மாதிரி அதுதான்.