சங்கா, பாட்டிலா: கழுவிப் பார்த்தபின் நான் எடுத்த முடிவு

மகனுக்கு மூன்று மாதம் முடிந்ததும் காரைக்குடியில் என் தையல் கடையைத் திரும்பத் திறந்தேன். பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது அவன் அப்பத்தா, அதாவது என் அத்தை. நான் எடுத்து வைத்துவிட்டுப் போகும் தாய்ப்பாலை எதில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி பாட்டில், மூக்கு வைத்த சிறு கிண்ணமான சங்கு மூன்றையும் புழங்கிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் சங்குதான்.

பிளாஸ்டிக் லேசானது, விழுந்தாலும் உடையாது. பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் பாலில் இறங்கும் என்ற பயம் உள்ள பாலிகார்பனேட் வகை பிளாஸ்டிக்கைப் பால் பாட்டிலுக்கு நம் நாட்டுத் தர விதி 2015இலேயே விலக்கிவிட்டது. அதனால் வாங்கும்போது பாலிப்ரோப்பிலீன் வகை பிளாஸ்டிக்தானா என்று பார்த்தால் போதும். ஆனால் பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க உள்ளே கீறல் விழுகிறது, அதில் பால் படிகிறது. கண்ணாடியில் கீறல் பயம் இல்லை, கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கிறது. கனம்தான் தொல்லை. இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன் என்பதால் நீண்ட நாள் உழைப்பைப் பற்றிச் சொல்ல முடியாது.

என்னை மாற்றியது கழுவும் வேலை. பாட்டில் எதுவானாலும் ரப்பர் காம்பு, வளையம், மூடி, மரை என்று நான்கு இடம். ஒருநாள் காம்பை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் வழவழப்பாக ஒரு படலம், புளித்த வாடை. தினமும் கொதிக்க வைத்த பாட்டில்தான் அது. தேய்த்துக் கழுவாமல் கொதிக்க மட்டும் வைத்தால் அழுக்கு போகாது என்று அன்றுதான் உறைத்தது.

சங்கில் மூடியும் இல்லை, மூலையும் இல்லை. சோப்புத் தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் முடிந்தது. சீரில் வந்த வெள்ளிச் சங்கு அழகுதான், ஆனால் விளிம்பில் சித்திர வேலை. அந்தப் பள்ளங்களில் பால் தங்கும் என்பதால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, வழவழப்பான எவர்சில்வர் சங்கு வாங்கினோம்.

ஊற்றும் முறையில் மட்டும் நான் பிடிவாதம். அத்தை காலை நீட்டி, அதில் குழந்தையைப் படுக்க வைத்து வாயில் ஊற்றுவார்கள். அப்படிச் செய்தால் புரையேறும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துக் கொஞ்சமாகச் சாய்த்தால் அவனே உறிஞ்சிக்கொள்கிறான். விழுங்கியபின்தான் அடுத்த வாய். தூங்கும்போதோ அழும்போதோ ஊற்றவே கூடாது. எடைக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இதே வடிவத்தில் உள்ள ‘பாலாடை’ என்ற கிண்ணத்தில் கொடுக்கிறார்கள்.

குறையும் உண்டு. முதல் வாரம் பாதிப் பால் துண்டுக்குத்தான் போனது. நேரமும் அதிகம். பொறுமையான ஆள் வீட்டில் இல்லையென்றால் கண்ணாடி பாட்டிலே மேல், ஆனால் காம்பைத் தினமும் திருப்பிப் பாருங்கள். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவது எப்போதுமே ஆபத்து.

மாவுப்பால் கொடுப்பவர்களுக்கு: எங்கள் காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தித்தித்தாலும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுக்கவேண்டும். கலக்கி இரண்டு மணி நேரம் தாண்டியதையும், குடித்து மீந்ததையும் கொட்டிவிடுங்கள்.