மதுரையில் லேப்டாப் சர்வீஸ்: "போர்டு போச்சுண்ணே" என்று சொல்லி 5,800 ரூபாய் வாங்கிய கடை

பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லேப்டாப் சர்வீஸ் கடைகள் நிறைய. எல்லாரையும் குறை சொல்ல வரவில்லை. அதில் ஒரு கடை என் மாமாவிடம் காட்டிய கைவரிசையை மட்டும் சொல்கிறேன். புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் கடைப் பெயர் போடவில்லை. இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாமாவுக்குக் கீழமாசி வீதிப் பக்கம் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கடையில் இருப்பது 2015-ல் வாங்கிய லேப்டாப். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம் (ஓடும்போது மட்டும் வேலையை நினைவில் வைத்திருக்கிற பட்டை) இரண்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரிலேயே ஓடும். டேலியும் எக்ஸெலும் தவிர அதில் வேறு வேலை கிடையாது. ஒருநாள் காலையில் பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. உள்ளேயிருந்து பீப், பீப் என்று விடாமல் சத்தம்.

இந்த பீப் விஷயம் தெரிந்திருந்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். லேப்டாப் ஆன் ஆனதும், விண்டோஸ் வருவதற்கு முன்னால், போர்டிலேயே இருக்கிற பயாஸ் என்ற தொடக்க சாஃப்ட்வேர் ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்க்கும். ரேம் தட்டுப்படவில்லை என்றால் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால் பீப் அடித்தோ, லைட்டைச் சிமிட்டியோ சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் விடாமல் பீப் அடித்தால் எந்த மெக்கானிக்கும் முதலில் கை வைப்பது ரேமில்தான்.

அந்தக் கடைக்காரர் பின்மூடியைக்கூடத் திறக்கவில்லை. பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், தீர்ப்பு சொல்லிவிட்டார். "போர்டு போச்சுண்ணே. சிப்பைக் கழட்டி ரீபாலிங் பண்ணணும். மெஷின்ல வச்சுப் பண்ற வேலை. ஏழாயிரம் ஆகும். உங்களுக்காக 5,800." போர்டு என்றால் எல்லாப் பாகமும் உட்காருகிற மதர்போர்டு. ரீபாலிங் என்றால் சிப்பைத் தூக்கி, அடியில் இருக்கிற ஈய உருண்டைகளைப் புதுசாக வைத்து மறுபடி ஒட்டுவது.

மாமா யோசித்திருக்கிறார். "அப்ப வேணாம் தம்பி, குடுங்க" என்று கையை நீட்டியதும், "செக்கிங் சார்ஜ் 500 குடுத்துட்டு எடுத்துக்கங்கண்ணே. ஆனா இதுக்கு மேல லேட் பண்ணா டேட்டாவும் போயிரும், அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது" என்றாராம். கணக்கெல்லாம் உள்ளே கிடக்கிற மனுஷனிடம் டேட்டா போயிரும் என்றால் என்ன செய்வார்? பச்சைப் பொய் அது. டேட்டா இருப்பது ஹார்டு டிஸ்கில். போர்டே எரிந்து போனாலும் டிஸ்கைத் தனியாகக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் படித்துவிடலாம்.

அடுத்த நாள் சாயங்காலம் ரெடி. லேப்டாப் ஓடியது. மாமா ஜிபேயில் பணத்தைப் போட்டார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் "போர்டு சர்வீஸ் 5800, 3 மாசம் வாரண்டி" என்று பேனாவில் கிறுக்கிக் கொடுத்தார்கள். அம்புட்டுதான் பில்.

கொஞ்ச நாள் கழித்து அதே பீப். நடுவில் டேலி திறக்கவே திணறியதாம். வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும் என்று மாமா விட்டுவிட்டார். திருப்பிக் கொண்டுபோனால், "இது வேற கம்ப்ளெய்ண்ட்ணே, வாரண்டி போர்டுக்கு மட்டும்தான்" என்று பதில். அப்போதுதான் எனக்கு போன் வந்தது: "மாப்ள, புதுசே வாங்கிருவமா?"

செல்லூரில் வீட்டிலேயே சர்வீஸ் பார்க்கிற ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். மேஜையில் துண்டை விரித்து, எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தார். மூடி வந்ததும் முதலில் வந்தது தும்மல். ஃபேனுக்குள்ளும், சிப்பின் சூட்டை வாங்குகிற உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கிலும் செக்கச்செவேல் என்று வத்தல் தூசி, பத்து வருஷத்துத் தூசி, அப்படியே அப்பிக் கிடந்தது. அவர் சிரித்துவிட்டார். "அண்ணே, ரீபாலிங் பண்ணணும்னா ஃபேன், ஹீட்சிங்க் எல்லாத்தையும் கழட்டி, போர்டை வெளிய எடுத்து, சிப்பைச் சூடு பண்ணித் தூக்கணும். இதுல யாரும் ஃபேனைத் தொடவே இல்ல." ஹீட்சிங்கை நெம்பி எடுத்தார். அடியில் சிப்பின் சூட்டைக் கடத்தத் தடவுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து, விரல் பட்டதும் பொருபொருவென்று உதிர்ந்தது. சிப்பைக் கழற்றியிருந்தால் புதுப் பேஸ்ட் வைக்காமல் மூட முடியாது. சிப்பைச் சுற்றி, பற்றவைக்கும்போது தடவுகிற ஃப்ளக்ஸின் கறையும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், ரேம் இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் ஒன்று காலி. 8 ஜிபி கொடுத்த லேப்டாப் 4 ஜிபியாகத் திரும்பியிருக்கிறது. டேலி ஏன் திணறியது என்று அப்போதுதான் விளங்கியது. மிச்சமிருந்த ரேமை எடுத்து, ஓரத்தில் இருக்கிற தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் தேய்த்து, தூசியைத் தட்டி மாட்டினார். பீப் இல்லை, விண்டோஸ் வந்துவிட்டது. அந்தக் கடையும் இதைத்தான் செய்திருக்கும்: கழற்றித் தேய்த்தது, இரண்டில் ஒன்றை மட்டும் திருப்பி மாட்டியது. 5,800 ரூபாய்.

மறுநாள் நானும் மாமாவும் அந்தக் கடைக்குப் போனோம். "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்காரு" என்று ஆரம்பித்தார்கள். நான் போட்டோக்களைக் காட்டியதும் ஓனர் டிராயரைத் திறந்து, குவிந்து கிடந்ததில் ஒரு ரேமை எடுத்து நீட்டினார். "இதுதான உங்களுது, மாட்ட மறந்திருப்பாய்ங்க." அது எங்களுடையது இல்லை. எங்கள் ரேமின் லேபிளில் இருப்பது பிசி3எல்-12800எஸ். அவர் கொடுத்ததில் பிசி3 மட்டும்தான், எல் இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும். ஆனால் எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35 ரேமைத்தான் ஏற்கும். அதை வாங்கி வந்து மாட்டியிருந்தால் மறுபடியும் கறுப்புத் திரை, மறுபடியும் "போர்டு போச்சுண்ணே". இதைச் சொன்னதும் வேறொன்று எடுத்துக் கொடுத்தார், எல் போட்டது. அது ஓடுகிறது. பணத்தைப் பற்றிப் பேசினால் மட்டும், "வேலை பாத்தோம்ல" என்பதற்கு மேல் பதில் இல்லை.

பில் தராமல் அனுப்புவதே, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் பதிவு செய்தோம், எண் கொடுத்தார்கள். அங்கே முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்களிடம் இருப்பது ஜிபே ரசீது, விசிட்டிங் கார்டு, செல்லூர் தம்பி திறக்கும்போது எடுத்த வீடியோ.

பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கக் கூடியது கொஞ்சம் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றுகிற மாதிரி இருந்தால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே உயிர் வருகிற லேப்டாப்கள் உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எதையும் நோண்டாதீர்கள், அமுக்காதீர்கள், அது தீப்பிடிக்கிற சாமான். ஃபேன் சுற்றுகிறது, திரை இல்லை என்றால் ஹெச்டிஎம்ஐ வயரில் வீட்டு டிவியை மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ. ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருஷத்துக்குப் போய் நின்றால் உள்ளே இருக்கிற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். நிறைய மாடல்களில் அது சிஆர்2032, சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் டிஸ்க் பக்கம் பாருங்கள். டிஸ்கில் டக் டக் என்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், இருக்கிற டேட்டாவும் போய்விடும்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ரேம், டிஸ்க் இரண்டின் லேபிளையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி கடையிலேயே திறக்கச் சொல்லி போட்டோ எடுங்கள். வேலைக்கு வாங்கியதற்குக் கடையில் தருகிற சீட்டில் (ஜாப் கார்டு) "4 ஜிபி x 2" என்று எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் கொடுக்காதீர்கள். வாங்கும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட் என்று அங்கேயே காட்டும். பழைய டிஸ்கை எடுத்துவிட்டுப் "புது" எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடுகிற வேகமான டிஸ்க்) போட்டார்கள் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பவர் ஆன் ஹவர்ஸ் பாருங்கள். புதுசு என்று கொடுத்தது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தால் வேறு எவனுடைய லேப்டாப்பிலோ இருந்து வந்தது என்று அர்த்தம். அந்த டிராயரைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து.

மாமா லேப்டாப் இப்போது 8 ஜிபியோடு ஓடுகிறது. செல்லூர் தம்பி தூசி எடுத்து, பேஸ்ட் வைத்து வாங்கியது 400 ரூபாய், பில்லோடு. புகாருக்குப் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே ஏரியாவில் போர்டு போச்சு என்று சொல்லி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், வீட்டுக்குப் போய் ரேம் எத்தனை ஜிபி என்று முதலில் பாருங்கள்.