பரோடாவா, லெஸ்டரா, நாடு விட்டு நாடா?

"டீச்சர், மூன்றில் எது?" என்று கேட்டபடி என் பழைய மாணவி மூன்று கற்றைக் காகிதங்களை மேசையில் வைத்தாள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றில் பிறந்தவள். கோவையில் வரலாறு இளங்கலை முடித்திருக்கிறாள். அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் தன் வேலை என்று பள்ளியிலேயே முடிவுசெய்துவிட்டவள். முதல் கற்றை பரோடா. இரண்டாவது இங்கிலாந்தின் லெஸ்டர். மூன்றாவது, ஒரே படிப்பை நாடு மாறி நாடு போய்ப் படிக்கவைக்கும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலை. அவளுக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு இந்த மலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

அவளுக்கு இந்த ஆசை வந்த இடம் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். 1851-இல் தொடங்கியது அது. அங்கே நீலகிரியில் பழங்காலப் புதைகுழிகளான கல்வட்டங்களில் தோண்டியெடுத்த மண் பாத்திரங்களின் முன்னால் இவள் நின்றுவிட்டாள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மூடி. அதன் மேல் பிடிபோல ஓர் எருமை. கொம்புகள் பின்னோக்கி வளைந்து பிறைபோல நிற்கின்றன. செய்தவரின் விரல் அழுத்திய பள்ளம் முதுகில் தெரிகிறது. "நம் ஊர் எருமை இங்கே ஏன் இருக்கிறது?" என்று கேட்டாள். நீலகிரியின் ஆணையராக இருந்த பிரீக்ஸ் தோண்டினார், அவர் இறந்த பிறகு 1873-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதே போன்ற பாத்திரங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருப்பது தெரியும். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் திறமையை எந்தப் படிப்பு தரும் என்பதை வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன். அருங்காட்சியகவியல் வேறு, அருங்காட்சியகக் கல்வி வேறு. முன்னது பொருளைச் சேகரிப்பது, பதிவுசெய்வது, பூச்சி அரிக்காமல் காப்பது, பேழைக்குள் அடுக்குவது எல்லாவற்றையும் கற்றுத்தரும். பின்னது பேழைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து தொடங்கும். பட்டத்தின் பெயரில் ஏமாந்துவிடாமல் பாடத்திட்டத்தை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளோடு எத்தனை வாரம் நிற்கவைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரோடாவிலிருந்து தொடங்குகிறேன். மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை 1952-இல் தொடங்கியது. இந்தியாவில் இந்தப் படிப்புக்கு அதுதான் முதல் வீடு. நுண்கலைப் புலத்துக்குள் இருப்பதால் பக்கத்து அறையில் சிற்பம் செதுக்குகிறவர்களும் ஓவியம் தீட்டுகிறவர்களும் இருப்பார்கள். பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே அதைக் காப்பது எப்படி என்று படிக்கலாம். இது சிறிய வரம் அல்ல. ஊரிலேயே பெரிய அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆகும் கட்டணம் வெளிநாட்டில் ஒரு மாத வாடகைக்குப் பக்கத்தில்தான் வரும். அப்பாவின் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை. நொய்டாவில் இயங்கும் இந்திய மரபு நிறுவனம், 1959 முதல் அருங்காட்சியகவியல் நடத்தும் கல்கத்தா பல்கலைக்கழகம் ஆகியவையும் இதே வரிசையில் வரும்.

குறை என்னவென்றால், நம் நாட்டுப் பாடத்திட்டங்களில் பொருளுக்குக் கிடைக்கும் இடம் பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை. கல்வி ஒரு தாளாக வந்து போகும். அதன் விளைவை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஒரு முறை வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில் என் வகுப்பை, "தொடாதே, நிற்காதே, நட" என்று இருபது நிமிடத்தில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளை நின்றால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

லெஸ்டர் இந்தக் குறைக்கு நேர் எதிர்ப்பக்கம். 1966-இல் அங்கே அருங்காட்சியகவியல் துறை தொடங்கியது. அருங்காட்சியகத்தில் ஒருவர் கற்றாரா இல்லையா என்பதை எப்படி அறிவது என்ற கேள்வியை அவர்கள் விடாமல் துரத்தினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உருவான அளவுகோலில் ஐந்து கூறுகள் உண்டு: அறிவும் புரிதலும், திறன், மனப்பாங்கும் மதிப்பீடும், மகிழ்ச்சியோடு சேர்ந்த படைப்பூக்கம், நடத்தையில் வரும் மாற்றம். எத்தனை ஆண்டுகளை மனப்பாடம் செய்தாய் என்பது இதில் ஒரு மூலைதான். எருமை மூடியின் முன்னால் நின்ற பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டால், அதுவும் இந்தக் கணக்கில் கற்றல். ஆசிரியையாக எனக்கு இது பெரிய ஆறுதல்.

படிப்பு ஓராண்டு. முன்பெல்லாம் ஓராண்டு முதுகலையை இந்தியாவில் ஏற்பார்களா என்ற அச்சம் இருந்தது. 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அது தீர்ந்தது. ஆனால் பணம்? உதவித்தொகை இல்லாமல் போனால் கட்டணமும் சாப்பாடும் சேர்ந்து பல லட்சம். கடன் வாங்கினால் அங்கேயே வேலை பார்த்து அடைக்க வேண்டும். படிப்பு முடித்தபின் தங்க இதுவரை இரண்டு ஆண்டு கிடைத்தது. 2027 ஜனவரி முதல் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது பதினெட்டு மாதமாகச் சுருங்குகிறது. அருங்காட்சியகக் கல்விப் பணியில் சம்பளம் எந்த நாட்டிலும் கொழுத்தது அல்ல. கடனை அடைக்க ஏதோ ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தால், படித்தது என்ன ஆகும்? பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் கதை வேறு. ஆனால் அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை எனக்குப் பிடித்தே இருக்கிறது. முதலாவது, நேற்று பட்டம் வாங்கியவளுக்குப் பொருந்தாது.

ஆம்ஸ்டர்டாமின் ரைன்வார்ட் அகாடமியையும் அவள் ஓரமாகக் குறித்து வைத்திருந்தாள். 1976-இல் தொடங்கிய நல்ல பள்ளி, ஆங்கிலத்தில் முதுகலை உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டோம்.

மூன்றாவது கற்றையில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம். எராஸ்மஸ் முண்டுஸ் என்பது ஒரு பல்கலைக்கழகம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே முதுகலையை நடத்தும் ஏற்பாடு. பெரும்பாலும் இரண்டு ஆண்டு. குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படித்தாக வேண்டும். உதவித்தொகை கிடைத்தவரிடம் கல்விக் கட்டணம் கேட்பதில்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதத்துக்குத் தருகிறார்கள். மொத்தம் 33,600 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் 33 லட்சத்து 60 ஆயிரம். விமானம், விசா, வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிக்கனமாக இருந்தால் அடங்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் அப்படியொரு கூட்டுப் படிப்பின் பெயரே அருங்காட்சியகம், மரபு வழிக் கல்வி பற்றியதுதான். இவளுக்கென்றே தைத்த சட்டைபோல இருந்தது.

பணத்தைவிட என்னை இழுத்தது வேறு. ஒரே நாட்டில் படித்தால் அந்த நாட்டு அருங்காட்சியகம் பேசும் விதமே இயல்பு என்று தோன்றிவிடும். இரண்டாவது நாட்டில் கால் வைத்ததும், பொருளுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ தேர்ந்தெடுத்தது என்பது கண்ணில் படும். எதை எழுதவில்லை என்பதும் படும். கிளாஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். அந்நகரத்தின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்களின் சட்டை ஒன்று இருந்தது. அம்மக்கள் வந்து கேட்டார்கள். நகரம் கூடி விவாதித்தது. 1999-இல் அது திரும்பிப் போனது. 2022-இல் இந்தியாவுக்கு ஏழு பொருட்களைத் திருப்பித்தர அந்நகரத்து அருங்காட்சியக அமைப்பு ஒப்பந்தம் செய்தது. பிரிட்டனில் இந்தியாவுக்கு அப்படித் தர முன்வந்த முதல் அருங்காட்சியக அமைப்பு அதுதான். "நம் ஊர் எருமை இங்கே ஏன் இருக்கிறது?" என்ற கேள்வியை ஒரு நகரமே தன்னிடம் கேட்டுக்கொண்ட இடம் அது. அங்கே ஒரு பருவம் இருந்துவிட்டு வருகிறவள், எழும்பூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் என்னைப்போலத் திணற மாட்டாள்.

தொல்லைகளையும் மறைக்காமல் சொன்னேன். நாட்டுக்கு நாடு விசா, தங்கும் அனுமதி, வீடு என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் அதற்குத் தனி விண்ணப்பம். ஒரு மொழி காதில் பழகும்போது ஊர் மாறும். ஓர் அருங்காட்சியகத்தின் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும்போது பெட்டியைக் கட்ட வேண்டும். ஐரோப்பிய நிதி ஒவ்வொரு படிப்புக்கும் காலவரையோடுதான் வரும். சுற்று முடிந்தால் படிப்பு நடக்கும், உதவித்தொகை இருக்காது. ஆகவே தான் சேரும் ஆண்டுக்கு உதவித்தொகை உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கூட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் இணைச்சான்று, அதாவது நம் நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று, வாங்க எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

பட்டியல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. அவர்களுக்கான மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 2022-இல் வந்த வழிகாட்டுதல், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த தலைப்புகளை விலக்கியது. மரபைப் படிக்கப் போகும் பிள்ளையைப் பார்த்து அதைத் தவிர எதை வேண்டுமானாலும் படி என்று சொன்னதாகத்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் அதை நம்பி இறங்க வேண்டும்.

என் முடிவை அவளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். உதவித்தொகையோடு கிடைத்தால் கூட்டு முதுகலை, யோசிக்கவே வேண்டாம். கிடைக்காவிட்டால் பரோடா. அதை முடித்து இந்த மலையில் இரண்டு ஆண்டு வேலை செய்தால், செவனிங் கேட்கும் மணிக்கணக்கு தானாகச் சேரும். அப்போது லெஸ்டர் கையருகே வரும். கடன் வாங்கி லெஸ்டர் மட்டும் வேண்டாம்.

வேலை செய்ய மலையில் இடமா இல்லை? முத்தோரை பாலடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம், ஊட்டியில் அரசு அருங்காட்சியகம், கன்னேரிமுக்கில் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த மலை ரயில், 2005-இல் உலக மரபுச் சின்னமானது. பல்சக்கரம் பற்றி ஏறும் அந்த ரயிலில் தினமும் பிள்ளைகள் வருகிறார்கள். ஜன்னலில் படம் எடுத்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு என்றால் என்ன என்று, ஒரு பலகையைச் சாய்த்து அதில் கோலிக்குண்டை உருட்டிக் காட்ட அங்கே ஓர் ஆள் போதும்.

தோடர் பழங்குடியினர் போர்த்திக்கொள்ளும் பூத்தையல் சால்வையான பூத்துக்குளியை நினைத்துப் பாருங்கள். பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேழைக்குள் மடித்து வைத்து "தோடர் சால்வை" என்று எழுதிவிட்டால், அந்த எண்ணல் முழுவதும் மடிப்புக்குள் போய்விடுகிறது. அதை வெளியே எடுக்க எந்த நாட்டுப் பேராசிரியரைவிடவும் தோடர் குடியிருப்பான மந்தில் உட்கார்ந்து தைக்கும் அம்மாவிடம் அவள் கற்க வேண்டியது அதிகம். இதைச் சொன்னபோது தலையசைத்தாள்.

கூட்டு முதுகலைக்கும் பரோடாவுக்கும் விண்ணப்பிக்கப் போகிறாள். இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை கொடுத்தேன்: எருமை மூடிக்குப் பத்து வயதுப் பிள்ளை படிக்கும்படி ஒரு விளக்கப் பலகை எழுதிவா, அதிலிருந்து உன் விண்ணப்பக் கடிதத்தைத் தொடங்கு. தமிழிலும் தன் வீட்டு மொழியான படுகு மொழியிலும் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்தாள். தமிழில் இப்படி இருந்தது:

"இதைச் செய்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. உன் மலையில் மண்ணுக்குள் இருந்தது. கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார். இப்படிக் கொம்புள்ள எருமையை நீ பார்த்திருக்கிறாயா? அதற்கு வீட்டில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து, கீழே உள்ள தாளில் எழுது."