இஎல்84 வால்வுக்கு எந்தச் செயற்புள்ளி: 48 மில்லி ஆம்பியரா, 36 மில்லி ஆம்பியரா?

ஒலிபெருக்கியை இயக்கும் வெற்றிடக் குழாயான இஎல்84 வால்வு ஒன்றை மட்டும் கொண்டு, வால்வில் எப்போதும் மின்னோட்டம் பாயும் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவருக்கு அதன் தரவுத்தாளே இரண்டு செயற்புள்ளிகளை, அதாவது பாட்டு ஓடாதபோது வால்வு நிற்கும் மின்னழுத்த, மின்னோட்ட அளவுகளைத் தருகிறது. இரண்டிலும் ஆனோடுக்கும் (எலக்ட்ரான்கள் சென்று சேரும் தகடு) ஸ்கிரீனுக்கும் (அதற்கு முன்னுள்ள வலை) 250 வோல்ட்தான். முதலாவதில் எலக்ட்ரான்களை உமிழும் கேதோடின் ரெசிஸ்டர் 135 ஓம், ஆனோடு மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே வால்வு காணும் சுமை 5.2 கிலோ ஓம். இரண்டாவதில் முறையே 210 ஓம், 36 மில்லி ஆம்பியர், 7 கிலோ ஓம். ஒலியின் உருக்குலைவு பத்து விழுக்காட்டை எட்டும்போது முதலாவது 5.7 வாட் தருகிறது, இரண்டாவது 4.2 வாட் தருகிறது.

ஒன்றரை வாட் வேறுபாடு எண்ணில் பெரிதாகத் தெரிந்தாலும் டெசிபெலில் அது 1.3 மட்டுமே, தவிலின் ஓங்கிய அடியில் அதைக் கூர்ந்து கேட்பவர் உணரலாம், வீணையில் உணர்வது கடினம். அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. 250 வோல்ட்டை 48 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 12 வாட், அதாவது ஆனோடு தாங்கக்கூடிய உச்ச வரம்பேதான்; கிளாஸ் ஏ நிலையில் பாட்டு ஓடாமல் வெறுமனே இருக்கும்போதுதான் இந்த வெப்பம் மிகுதி என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது புள்ளியில் அது 9 வாட்.

சென்னையில் இந்த 3 வாட் இடைவெளிதான் எனக்கு முடிவைச் சொல்கிறது. பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பல 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டவை; மயிலாப்பூரில் என் வீட்டில், அக்கம்பக்கத்துச் சுமை குறைந்த நள்ளிரவில், மீட்டர் 242 காட்டியதைக் கண்டிருக்கிறேன். பத்து விழுக்காடு உயர்வு அது. அப்போது ஸ்கிரீன் மின்னழுத்தமும் சேர்ந்து ஏறுவதால், என் கணக்கில் முதல் புள்ளியின் வெப்பம் ஏறத்தாழ 14½ வாட்டைத் தொடுகிறது; இரண்டாவது 11 வாட்டுக்குள் நின்றுவிடுகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையான கிரிட்டுக்குத் தனி எதிர்மறை மின்னழுத்தம் கொடுக்கும் நிலைப் பயாஸ் முறையை இங்கே நான் பரிந்துரைக்கவில்லை. மின்னோட்டம் கூடும்போது தானாகவே அதை அடக்கும் வேலையைக் கேதோடு ரெசிஸ்டர் செய்வதுபோல் அது செய்யாது.

முதல் புள்ளிக்கு நியாயமான இடமும் உண்டு. கையில் 5 கிலோ ஓம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே இருந்தால், 36 மில்லி ஆம்பியரில் மின்னோட்டம் முதலில் தீர்ந்து 4.2 வாட்டும் கிடைக்காது. அவ்வாறானவர், நல்ல ஸ்டெபிலைசர் இருந்தால், 48க்குச் சற்றுக் கீழே நிற்கலாம்.

இஎல்84க்கு முன்னால் சிறு ஒலிக்குறிப்பைப் பெருக்கித் தரும் இசிசி83 வால்வில் இத்தகைய கவலை இல்லை. 250 வோல்ட் சப்ளையில் 100 கிலோ ஓம் ஆனோடு ரெசிஸ்டரும் 1.5 கிலோ ஓம் கேதோடு ரெசிஸ்டரும் சுமார் 54 மடங்கு பெருக்கம் தரும். இஎல்84ஐ முழுதாக இயக்க அதுவே போதும்.

சென்னையின் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 210 ஓம் கேதோடு ரெசிஸ்டர் கேட்டு அலைய வேண்டாம். 220 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை வாங்கிப் போடுங்கள். பிறகு மின்னழுத்தம் மிக உயர்ந்திருக்கும் ஓர் இரவில் அதன் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள்: 10½ வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வால்வு வரம்புக்குள் இருக்கிறது.