கோப்பிக்கு ஒரு கடை, மாலு பணிசுக்கு ஒரு கடை: ஸ்காபரோவில் 26 வருட அனுபவம்

1999 டிசம்பரில் கனடாவுக்கு வந்தேன். வந்து மூன்றாம் கிழமையே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. விடிய ஆறரைக்கு வேலை முடிந்து பஸ் தரிப்புக்கு வந்தால், அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும். அந்தக் குளிரில் இருபது நிமிடம் நிற்பது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தரிப்புக்கு எதிரே ஒரு டோனற் கடை இருந்தது. "ஒரு சின்னக் கோப்பி வாங்கு, கதிரையில இருக்கலாம், ஒருத்தரும் எழுப்பமாட்டினம்" என்று கூட வேலை செய்த அண்ணை ஒருவர் சொல்லித் தந்தார். கனடாவில் நான் என் சொந்தக் காசில் வாங்கிய முதல் சாமான் அந்தக் கோப்பிதான்.

அன்று தொடங்கியது. இந்த 26 வருடத்தில் டோனற், கோப்பிச் சங்கிலிக் கடைகளில் நான் நிற்காத வரிசை இல்லை. அதே காலம் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் தமிழ் பேக்கரிக்கும் கிழமைக்கு இரண்டு தடவையாவது போய்க்கொண்டிருக்கிறேன். "எது நல்லது?" என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டோனற் கடை. கனடாவில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ரிம் ஹோர்ட்டன்ஸில்தான் வந்து நிற்கும். ரிம் ஹோர்ட்டன் என்ற ஹொக்கி வீரர் 1964இல் ஹமில்ரன் நகரத்து ஒட்டாவா வீதியில் திறந்த கடை அது. பொலிஸ்காரராக இருந்த றொன் ஜோய்ஸ் அடுத்த வருடம் அந்தக் கடையை எடுத்து நடத்த வந்து, பிறகு பங்காளியானார். 1974இல் ஹோர்ட்டன் கார் விபத்தில் இறந்துபோக, வியாபாரத்தை நாடு முழுக்கப் பரப்பியவர் ஜோய்ஸ்தான். இன்று கனடாவில் மட்டும் 3,800க்கு மேற்பட்ட கடைகள். இரண்டு கிரீம், இரண்டு சீனி போட்ட கோப்பிக்கு 'டபுள் டபுள்' என்று பெயர். அந்தச் சொல் 2004இல் கனேடிய ஒக்ஸ்போர்ட் அகராதியிலேயே ஏறிவிட்டது. நான் அகராதியில் படித்தா கற்றேன்? எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார், நானும் கேட்டேன்.

நான் வந்த காலத்தில் டோனற் கடை என்றால் அது ஒரு பேக்கரியும்தான். இரவில் ஒருவர் பின்னால் நின்று மா குழைத்துப் பொரிப்பார். விடிய நாங்கள் உள்ளே போகும்போது கையெல்லாம் மாவோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். கதவைத் திறந்த உடனே கோப்பிக்கு முதல் அந்தப் பொரிந்த மா வாசம்தான் முகத்தில் அடிக்கும். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த நல்ல டோனற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலும் கீழும் பொன்னிறமாக இருக்க, இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். மா பாரமில்லாமல் பொங்கியதால் எண்ணெயில் பாதி மிதந்து, ஒரு பக்கம் பொரிந்து, திருப்பிப் போட மறுபக்கம் பொரிந்ததன் அடையாளம் அது. நடுவில் எண்ணெய் படாத இடம்தான் அந்தக் கோடு. சூட்டோடு சீனிப் பாகு ஊற்றினால் அது மெல்லிய கண்ணாடி மாதிரி இறுகும், கடித்தால் 'கிறிக்' என்று உடையும். அரை நாள் போனால் அதே பாகு வியர்த்துக் கையில் ஒட்டும். டோனற்றின் ஆயுள் அவ்வளவுதான்.

2000களின் தொடக்கத்தில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடைக்குள் பொரிப்பதை விட்டது. ஒன்ராறியோவின் பிரான்ற்ஃபோர்டில் பெரிய ஆலை ஒன்று வந்தது. அங்கே முக்கால்வாசி செய்து உறையவைத்து அனுப்ப, கடையில் சூடாக்கி, பாகும் சொக்லேற்றும் பூசி அடுக்கினார்கள். ஏன் செய்தார்கள் என்று எனக்கு விளங்குகிறது. ஆயிரக்கணக்கான கடைகளில் இரவிரவாக மா குழைக்கக் கைதேர்ந்த ஆள் தேடுவது லேசான வேலை இல்லை. உறைந்து வருவதால் எந்த ஊரில் எந்த நேரம் வாங்கினாலும் ஒரே சுவை, ஒரே அளவு. தூரப் பயணம் போகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. வன்கூவர் போனபோது என் மகள் அழாமல் சாப்பிட்டது அங்கே கிடைத்த ரிம்பிற்ஸ் என்ற குட்டி டோனற் உருண்டைகள் மட்டும்தான். ஆனாலும் மாவோடு கையை வைத்திருந்த அந்த மனிதர் இல்லாமல் போனார். பின்னால் ஆள் நின்று செய்கிற கடையைத் தேடி நான் கூடுதலாகப் போகத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான்.

இனி எங்கள் பேக்கரி. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சலவைக் கடைக்கும் காசு அனுப்புகிற கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆள் வெளியில் நிற்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளே கறி வைத்துப் பொரித்த றோல்ஸ், பற்றிஸ், பிறகு வடை, மாலு பணிஸ், சீனிச் சம்பல் பணிஸ். மேல் தட்டில் பட்டர் கேக். ஓரத்தில் கடதாசி சுற்றிய றாத்தல் பாண்.

மாலு பணிஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாலு என்றால் சிங்களத்தில் மீன். பணிஸ், ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதைச் சுடுகிற இடத்தை எங்கள் ஊரில் போறணை என்போம், அது போர்த்துக்கீசச் சொல். கொஞ்சம் இனிப்பான மா. உள்ளே உருளைக்கிழங்கு, ரின் மீன், வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு எல்லாம் சேர்த்துப் பிரட்டிய கறி. மாவை முக்கோணமாக மடித்து, மேலே முட்டை பூசிச் சுடுவார்கள். முனை மூன்றும் கொஞ்சம் கருகி மினுங்கும். நான் முனையைத்தான் முதலில் கடிப்பேன். அங்கே கறி இருக்காது, வெறும் மாவின் இனிப்பு மட்டும். இரண்டாவது கடியில் ஆவி பறக்க உறைப்பு வரும். அந்த வரிசை மாறக்கூடாது.

கடைக்கார அக்கா விடிய மூன்றரைக்கு வருகிறவர். நான் போனால், "தம்பி, பணிஸ் இப்பதான் உள்ளுக்கு வைச்சனான். பத்து நிமிசம் நிப்பீங்களோ, இல்லாட்டி ராத்திரிச் சாமான் தரட்டோ?" என்று கேட்பார். முதல் நாள் மிஞ்சியதை மிஞ்சியது என்று சொல்லியே விற்கிறார், அரை விலைக்கு. இந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்தக் கடைக்குப் போவேன். தட்டில் இருப்பது எப்போது செய்தது என்று செய்தவரே சொல்லக் கேட்பது வேறு எங்கே கிடைக்கும்?

இது தமிழ்க் கடைக்கு மட்டும் உரிய குணம் இல்லை. ரொறன்ரோவின் டண்டாஸ் மேற்கு வீதியில் போர்த்துக்கீசப் பேக்கரிகள் இருக்கின்றன. அங்கே முட்டைக் கஸ்ரட் வைத்த நாட்டா என்ற சின்னப் பலகாரம் எடுக்க மாதம் ஒருமுறை போவேன். பாண் என்ற சொல்லே அவர்களுடையதுதான். அவர்கள் அதை மூக்கால் சொல்கிறார்கள், நாங்கள் நாக்கை மடித்துச் சொல்கிறோம். மேசை, கதிரை, அலுமாரி, குசினி எல்லாம் அவர்களிடமிருந்து எங்களுக்கு வந்தவை என்று ஒருநாள் அங்கே இருந்த வயதான அம்மாவிடம் சொன்னேன். 'மேசா, கதெய்ரா' என்று அவரும் திருப்பிச் சொல்லிச் சிரித்து, ஒரு நாட்டாவைக் கூடப் போட்டுத் தந்தார்.

மொன்றியலில் என் சொந்த அக்கா வீட்டுக்குப் போனால் பேகல் கடை. பேகல் என்றால் வளையம் மாதிரி ஒரு பாண். ஃபெயர்மவுண்ட் என்ற கடை 1919இலிருந்து இருக்கிறது, சென் வியற்றர் 1957இலிருந்து. கையால் உருட்டி, தேன் கலந்த தண்ணீரில் அவித்து, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். நீளமான பலகையில் பேகல்களை அடுக்கி நெருப்புப் பக்கம் தள்ளுவதை முதல் தடவை பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் போறணையில் பாண் தள்ளுகிற மரத்துடுப்பு மாதிரியே இருந்தது. அந்த நகரத்தில் எத்தனை கோப்பிக் கடை வந்தும் அந்த அடுப்பை யாரும் அணைக்கவில்லை.

சரி, கோப்பிக்கு வருவோம். இதில் எங்கள் பேக்கரி தோற்றுவிடும், ஒளிக்க ஒன்றும் இல்லை. கடைக்கார அக்கா தருவது உடனடிக் கோப்பித் தூளும் பால்மாவும் கலந்த ஒன்று. இஞ்சி போட்ட தேத்தண்ணி அருமையாக இருக்கும், கோப்பி மட்டும் கேட்காதீர்கள். கோப்பி வடித்து 20 நிமிடம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாக வடிக்கவேண்டும் என்பது ரிம் ஹோர்ட்டன்ஸ் வைத்திருக்கிற விதி. அதோடு 18 வீதக் கொழுப்புள்ள கிரீம். குளிர்கால விடியலில் அந்தக் கலவைக்கு ஈடாக ஒன்றைச் சின்னக் கடைகளில் நான் குடித்ததில்லை.

கோப்பியைவிடப் பெரிய விஷயம் கதிரை. என் அப்பா 2004இல் ஸ்பொன்சரில் வந்தார். மொழி தெரியாது, கார் இல்லை, நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். இரண்டு மாதம் யன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். பிறகு ஒருநாள் கீழ்மாடியில் இருந்த இன்னொரு ஐயா அவரைப் பக்கத்து ரிம் ஹோர்ட்டன்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பத்து வருடம், காலை ஒன்பதரைக்கு நாலு ஐயாமார், அதே மூலை மேசை, ஆளுக்கு ஒரு சின்னத் தேத்தண்ணி. ஊர்க் கதை, அரசியல், யாருக்கு என்ன வருத்தம், எந்த டொக்டர் நல்லவர், எல்லாம் அந்த மேசையில்தான். ரிம் ஹோர்ட்டன்ஸில் கடதாசிக் கோப்பையின் விளிம்பை உருட்டிப் பரிசு பார்க்கிற போட்டி 1986இலிருந்து நடந்தது. மாசி, பங்குனியில் அது வந்தால் அப்பாவுக்குத் திருவிழா. விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பார். பரிசாக டோனற் விழுந்தால் அந்தக் கடதாசித் துண்டைக் கழுவிக் காயவைத்து எனக்குத் தருவார், தனக்குச் சீனி கூடாது என்று. ஆறு பேர் மட்டும் நிற்கக்கூடிய எங்கள் பேக்கரியால் அப்பாவுக்கு அந்தப் பத்து வருடத்தைத் தந்திருக்க முடியாது. சங்கிலிக் கடை என்றால் ஒரேயடியாகத் தள்ளிப் பேசுகிறவர்களோடு நான் சேராதது அதனால்தான். வயதான ஒருவருக்குச் சூடான இடம், கழிவறை, கதைக்க ஆள், எல்லாம் ஒரு தேத்தண்ணி விலையில்.

இரண்டு பக்கமும் மனம் நொந்த நாட்களும் உண்டு. சங்கிலிக் கடை ஒன்றில், எது என்று வேண்டாம், அரை மணிக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதி ஒட்டி, அப்பாவின் வயதில் இருந்த ஒருவரை என் கண் முன்னால் எழுப்பி அனுப்பினார்கள். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவர் மெதுவாக எழும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதேபோல வேறொரு தமிழ்க் கடையில் பிறந்தநாளுக்கு 100 றோல்ஸ் சொல்லி வைத்தேன். பழைய எண்ணெயில் பொரித்துத் தந்தார்கள். மேலே கருமை, உள்ளே கறி குளிர்ந்து கிடந்தது. விருந்துக்கு வந்த பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். தமிழ்க் கடை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. முதலில் ஒரே ஒரு றோல்ஸ் வாங்கி உடைத்துப் பாருங்கள். கடதாசிப் பையில் எண்ணெய் உடனே ஊறிப் பரவினால் எண்ணெய் சரியாகக் காயாமல் பொரித்திருக்கிறார்கள். பாண் தூள் தனித்தனியாக மொறுமொறுவென்று நின்றால் நம்பிப் பெரிய ஓடர் கொடுக்கலாம்.

விலையில் பேக்கரிக்குத்தான் என் வாக்கு. ஒரு டோனற்றும் கோப்பியும் வாங்குகிற காசுக்குக் கிட்டத்தட்ட வயிறு நிறையவே சாப்பிட்டுவிடலாம். நேரத்தில் சங்கிலிக் கடை. இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவனுக்குத் திறந்திருப்பது அதுதான். ஆனால் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்றால், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எங்கள் சாப்பாடு கொண்டுபோக ஆசைப்பட்டால், நான் ஒரு கணமும் யோசிக்கமாட்டேன். பேக்கரிதான்.

இப்போது என் பழக்கம் இதுதான். சனிக்கிழமை விடிய ஆறே முக்காலுக்குக் காரில் இருந்தபடியே வாங்குகிற வழியில் ஒரு டபுள் டபுள் எடுப்பேன். ஏழுக்கு அக்காவின் கடை வாசல். முதல் தட்டு பணிஸ் ஏழு மணிக்குத்தான் இறங்கும், எட்டரைக்குப் போனால் தட்டு காலி. ஆறு மாலு பணிஸ், பத்து றோல்ஸ், ஒரு பாண். ஒரு பணிசைக் காருக்குள் வைத்தே கோப்பியோடு முடித்துவிடுவேன். ஒரு விஷயம், பையின் வாயை மூடாதீர்கள். ஆவி உள்ளே நின்றால் வீடு போய்ச் சேருவதற்குள் முக்கோண முனை மூன்றும் நொய்ந்துவிடும்.

அக்காவுக்கு முழங்கால் ஏலாது. போன தையிலிருந்து மகன் வந்து மா குழைக்கிறான். முதல் மாதம் பணிஸ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நான் சொன்னேன், மறு கிழமை தண்ணீரைக் கூட்டியிருந்தான். போன சனி, "அண்ணை, இண்டைக்கு எப்பிடி?" என்று மாவுக் கையோடு வெளியில் வந்து கேட்டான். முனையைக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு போடச் சொன்னேன்.