ஹைபிரிட் கார் மைலேஜ்: நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கணக்கு, வடக்கே வேறு கணக்கு

நாகர்கோவிலிலிருந்து உங்கள் வண்டி பெரும்பாலும் எந்தப் பக்கம் போகும்? பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மேற்கேயா? ஆரல்வாய்மொழி, காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி, மதுரை என்று வடக்கேயா? பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் என்ன மைலேஜ் தரும், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்புமா என்ற இரண்டு கேள்விக்கும் பெரும்பாலான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. விளம்பரத்தில் வரும் 27, 28 என்ற எண்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். சாலை அப்படி இல்லை.

20 லட்சத்துக்குள் ஷோரூம் விலையில் கிடைக்கும் உண்மையான ஹைபிரிட் கார்கள் குறைவு. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, 2025-இல் வந்த மாருதி விக்டோரிஸ், ஹோண்டா சிட்டி இ-எச்இவி ஆகியவைதான் பேசத்தக்கவை. முதல் மூன்றும் உள்ளே ஒன்றே: டொயோட்டாவின் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், மோட்டார், இரண்டும் சேர்ந்து சுமார் 116 பி.எஸ். சோதனைக்கூட மைலேஜ் ஹைரைடருக்கும் கிராண்ட் விட்டாராவுக்கும் 27.97, விக்டோரிஸுக்கு 28.65, சிட்டிக்கு 27.13. இந்தச் சில்லறை வித்தியாசத்தைப் பார்த்து வண்டி தேர்ந்தெடுக்க வேண்டாம். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலே அது அழிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாருதியின் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’, டொயோட்டாவின் ‘நியோ டிரைவ்’ என்ற பெயரில் விற்பவை மைல்டு ஹைபிரிட். பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், சிக்னலில் நின்ற எஞ்சினை மீண்டும் கிளப்பும். அவ்வளவுதான், மோட்டாரால் மட்டும் வண்டி நகராது. அப்படி நகரக்கூடிய உண்மையான ஹைபிரிட்டுக்குப் பெயர் ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’. கிராண்ட் விட்டாராவில் இந்த வகை மேனுவலுக்கு 21.11, ஆட்டோமேட்டிக்குக்கு 20.58 என்று சோதனை எண். புக்கிங் ரசீதில் ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ என்று எழுதியிருக்கிறதா, கியர் பெட்டி இ-சிவிடி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மேற்குச் சாலை

நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரையுள்ள பழைய சாலை, ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடைவெளியே இல்லாத சாலை. சுங்கான்கடையில் பஸ் நிற்கும், அழகியமண்டபத்தில் ஆட்டோ திரும்பும், குழித்துறையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோக வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலம் 2018-இல் திறந்த பிறகு மேலே போகிறவர்களுக்கு நிம்மதி. கீழே கடைக்குப் போகிறவர்களுக்குப் பழைய கதைதான். சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வண்டி இங்கே லிட்டருக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டியில் நிதானமாக ஓட்டுபவருக்கு 20 முதல் 25 வரை கிடைக்கும்.

காரணம் மூன்று. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கி பாட்டரிக்குத் திருப்புகிறது. இந்தச் சாலையில் நிமிஷத்துக்கு நாலு முறை பிரேக். ஊர்ந்துபோகும் நேரத்தில் எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் இழுக்கிறது. பெட்ரோல் எஞ்சின் மிக மோசமாக எரிபொருள் குடிக்கும் நேரம் அதுதான். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: ஏசி. மைல்டு ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் தொங்குகிறது. எஞ்சின் நின்றால் குளிர் போகும், குளிர் போனால் எஞ்சின் மறுபடி கிளம்பும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, ஆகவே ஏப்ரல் வெயிலில் நெரிசலில் நின்றாலும் எஞ்சின் அணைந்தபடியே குளிர் வரும்.

ஆனால் பாட்டரி சிறியது. டொயோட்டா, மாருதி வண்டிகளில் 0.76 யூனிட், வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட். ஒரு மூச்சில் மின்சாரத்தில் மட்டும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் போகும். கல்யாண மண்டபத்து வாசலில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை எஞ்சின் கிளம்பி சார்ஜ் ஏற்றும். அப்போது மைலேஜ் சரிவது வண்டியின் குறை இல்லை. அதேபோல, காலையில் பால் வாங்க ஒரு கிலோமீட்டர், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வண்டி குளிர்ந்து குளிர்ந்து ஓடினால், எஞ்சின் சூடேறவும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கவுமே பெட்ரோல் போகும். அப்படி ஓடும் வண்டி 15, 16 தான் காட்டும்.

வடக்குச் சாலை

காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் கணக்கு மாறுகிறது. பிரேக்குக்கு வேலை இல்லை, ஆகவே திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் இல்லை. 100 வேகத்தில் எஞ்சின்தான் முழுநேரமும் உழைக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும்: 80-இலிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் அதிகம். ஹைரைடர், விட்டாரா போன்ற உயரமான வண்டிகள் இங்கே 18 முதல் 21-க்குள் வந்துவிடும். 80-இல் போகப் பொறுமை இருந்தால் 23-க்கு மேலும் பார்க்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொன்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. திருநெல்வேலிக்குப் போகையில் அது முதுகில் தள்ளும், திரும்பி வருகையில் முகத்தில் அடிக்கும். 80 வேகத்தில் வரும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் வண்டி 110-இல் போவதுபோல் எதிர்ப்பை உணர்கிறது. காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜூன், ஜூலையில் போகும்போது மட்டும் மைலேஜ் பார்த்துவிட்டு ‘25 கொடுக்கிறது’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். போக, வர இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்தச் சாலையில் சிட்டிக்கு ஒரு சாதகம் உண்டு. தாழ்ந்த உடம்பு, காற்றுக்குக் காட்டும் முகம் சிறியது. அதன் ஹைபிரிட் அமைப்பும் வேறு மாதிரி. மெதுவாகப் போகும்போது எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினே நேராகச் சக்கரத்தை இழுக்கும், மின்சாரமாக மாற்றும்போது வரும் இழப்பு அங்கே இல்லை. டொயோட்டா அமைப்பில் கிரகப் பல்சக்கரத் தொகுதி ஒன்று எஞ்சின், மோட்டார் இரண்டின் சக்தியையும் எப்போதும் பங்கிட்டுக்கொண்டே இருக்கிறது. நெரிசலில் அது மிகச் சாமர்த்தியமாக வேலை செய்யும். ஆகவே வாரந்தோறும் மதுரை போகிற சிறு குடும்பத்துக்கு சிட்டி நல்ல தேர்வு. சிட்டியின் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர், மற்றதில் 210. ஐந்து பேரும் சாமானுமாகத் திருவட்டார், குலசேகரம் பக்கத்து உள்சாலை வேகத்தடையில் சிட்டியின் அடி தட்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்புமா

தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். உத்தரப்பிரதேசம் 2024-இல் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை விலக்கியதுபோல் இங்கே சலுகை இல்லை. எனவே ஷோரூம் விலையில் 2 லட்சம் கூடுதல் என்றால் வரி மட்டும் 36,000 ஏறும். இன்சூரன்ஸோடு ஆன்ரோடு விலையில் சுமார் 2.4 லட்சம் வித்தியாசம் என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், ஓட்டம் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர்.

மேற்கே: மைல்டு ஆட்டோமேட்டிக் 14, ஸ்ட்ராங் 22 என்றால் ஆண்டுக்கு 390 லிட்டர் மிச்சம், சுமார் 39,700 ரூபாய். ஆறு ஆண்டில் போட்ட பணம் திரும்பும். ஆண்டுக்கு 30,000 ஓடுபவருக்கு மூன்றே ஆண்டு. வடக்கே: 18-க்கு 21 என்றால் மிச்சம் 119 லிட்டர், 12,100 ரூபாய். பணம் திரும்பக் கிட்டத்தட்ட 20 ஆண்டு. வேகமாக நான்குவழிச் சாலையிலேயே ஓடுபவர், அமைதியான ஓட்டத்துக்காக வாங்கலாம். பெட்ரோல் மிச்சத்துக்காக ஹைபிரிட் வாங்கக்கூடாது. மைல்டு மேனுவல் எடுத்து மீதியை வங்கியில் போடுவதே அவருக்கு லாபம். களியக்காவிளை தாண்டி தினமும் திருவனந்தபுரம் போகிறவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே டாங்க் நிரப்பிக்கொள்வது வழக்கம். கேரளத்தில் விலை கூடுதல் என்பதால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஒரு லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறையும். பழைய வீடியோக்களில் சொன்ன மைலேஜோடு உங்கள் வண்டியை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

எங்கே கோளாறு வரும்

பெரிய பாட்டரியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு இந்த நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. வழியில் கைவிடுவது பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பாட்டரி. அது இறங்கினால் கணினி விழிக்காது, ‘ரெடி’ விளக்கு எரியாது, பெரிய பாட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி நகராது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டில் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது. அங்கேதான் இந்தத் தொல்லை அதிகம். வாரம் ஒருமுறை பிரேக்கை மிதித்து ரெடி நிலைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் விட வேண்டும், முடிந்தால் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். பாட்டு கேட்க மட்டும் ஸ்விட்சைப் போட்டு உட்கார்ந்தால் சின்ன பாட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். இன்னொரு வண்டிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க ஹைபிரிட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரிக் கரையோரக்காரர்களுக்கு: மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடுக்கு வேலை குறைவு. பேடு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் உப்புக் காற்றில் டிஸ்க்கில் துரு படியும், பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் ஊசியும் (காலிப்பர் பின்) இறுகும். வாரம் ஒருமுறை பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 60 வேகத்திலிருந்து அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் துரு துடைபடும். 10,000 கிலோமீட்டர் சர்வீஸில் காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லி, வேலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பாட்டரியைக் குளிர்விக்கும் காற்று வண்டிக்குள்ளிருந்து போகிறது. அதன் வாய் எங்கே என்று கையேட்டில் பார்த்து, அதன்மேல் பையோ துணியோ வைக்காமல் இருக்க வேண்டும். நாய் ஏறும் வண்டியில் முடி அடைத்தால் விசிறி இரைச்சல் போடும், பாட்டரி சூடாகும், மைலேஜ் குறையும். சாமான் இடமும் போகிறது: கிராண்ட் விட்டாராவில் மைல்டுக்கு 373 லிட்டர், ஸ்ட்ராங்குக்கு 265. ஊருக்குப் போய் இரண்டு வாழைக்குலையும் நாலு சக்கையும் ஏற்றி வரும் வீடுகள் பின்சீட்டை மடக்கித்தான் ஆக வேண்டும்.

பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் கியரில் ‘B’ நிலையைப் பயன்படுத்துங்கள் (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல). 1,400 கிலோ எடை 200 மீட்டர் இறங்கினால் வரும் ஆற்றலே 0.76 யூனிட்டுக்கு அருகில். நீண்ட இறக்கத்தில் பாட்டரி நிறைந்ததும் எஞ்சின் வெறுமனே சுழன்று வேகத்தைப் பிடிக்கும். திடீரென்று இரைச்சல் கேட்பது அதனால்தான். சிட்டியில் ஸ்டீயரிங் பின்னால் உள்ள இரண்டு துடுப்புகளால் இந்தப் பிடியைக் கூட்டிக் குறைக்கலாம். 2021 நவம்பர் போல் வெள்ளம் வந்து தண்ணீர் வண்டிக்குள் ஏறினால் ஸ்விட்சைத் தொடாமல், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயரின் பக்கம் யாரையும் விடாமல், வண்டியை மேடைத்தட்டு லாரியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

எதை எடுக்கலாம்

மேற்கே ஓடுபவருக்கு விக்டோரிஸ், விட்டாரா, ஹைரைடர் மூன்றில் எது வீட்டுக்கு அருகில் சர்வீஸ் கிடைக்கிறதோ, எது சீக்கிரம் கையில் வருகிறதோ அதை எடுங்கள். எஞ்சின், மோட்டார் ஒன்றுதான். கீழ்நிலை ஸ்ட்ராங் மாடலே போதும். மேல்மாடலின் கண்ணாடிக் கூரைக்குக் கொடுக்கும் பணத்தை எந்த மைலேஜும் திருப்பித் தராது.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலிச் சாலையில் எடுக்காதீர்கள். மாலை ஐந்தரைக்கு, ஏசி 24-இல் வைத்து, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, பார்வதிபுரத்திலிருந்து தக்கலை வரை போய்த் திரும்புங்கள். வாங்கிய பிறகு திரையில் வரும் எண்ணை நம்பாமல், ஒரே பங்கில் ஒரே பம்பில் தானாக நிற்கும்வரை நிரப்பி, குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். மூன்று டாங்கின் சராசரிதான் உங்கள் வண்டியின் மைலேஜ். டயர் காற்றைக் காலையில் வண்டி கிளம்பும் முன், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பாருங்கள். பங்கில் கேட்காமலே எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள்.